மீண்டு வந்த ஆங்கிலத் துப்பறியும் நாவல்களும் ஐயத்தின் இடமும்

துப்பறியும் நாவலைப் பற்றி ஆங்கிலத் திறனாய்வாளர் பலர்க்கும் ஒப்ப முடிந்த கருத்து ஒன்று உண்டு. அமைதியாக இருந்த ஒரு சிறு சமுதாயத்தில் கொலை நிகழ்கின்றது; அமைதி குலைகின்றது; எல்லாரும் எல்லாரையும் ஐயுறுகின்றனர்; அறிவிற் சிறந்த ஒருவர் வந்து ஆராய்ந்து குற்றவாளியைக் காட்டுகின்றார்; ஐயம் நீங்குகின்றது; பழைய அமைதி திரும்புகின்றது. இதுவே அக் கருத்து. கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் இதனைச் சமய நோக்கில் விரித்துரைத்தார். மாசற்ற ஏதேன் தோட்டம் மாசுற்றுப் பின்னர் அம் மாசு நீங்கப் பெறுதலையே இக் கதைகள் காட்டுகின்றன என்பது அவர் துணிபு. பின் வந்தோர் சமயச் சொற்களை நீக்கிவிட்டு, முதல் உலகப் போரால் நிலைகுலைந்த நடுத்தர வகுப்பினர் ஒழுங்கு திரும்பும் கதைகளைப் படித்து ஆறுதல் பெற்றனர் என வரலாற்று முறையில் அதனையே கூறினர்.

இக் கருத்து எந்நூல்களை அளந்து வகுக்கப்பட்டது என்று வினவுதல் வேண்டும். கானன் டாயிலின் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகள், செஸ்டர்ட்டனின் பிரவுன் பாதிரியார் கதைகள், இவற்றுக்குப் பின் அகதா கிறிஸ்டி, டாரதி சேயர்ஸ், மார்ஜரி அல்லிங்ஹாம், நைகோ மார்ஷ் என்னும் நால்வர் நூல்கள் ஆகியவையே பெரும்பாலும் சான்றாகக் காட்டப்பட்டன. ஏனையோர் நூல்கள் கடைகளிலும் இல்லை. கல்லூரி நூலகங்களிலும் இல்லை. கிடைத்த நூல்களைக் கொண்டு கிடையாத நூல்களுக்கும் இலக்கணம் வகுத்தனர் என்றே சொல்லுதல் வேண்டும். கடந்த பதினைந்து ஆண்டுகளாக அந்நூல்களுள் பல மீண்டும் அச்சேறி வருகின்றன. ஆதலின் பழைய முடிபை மறுபடியும் ஆராய்ந்து காண்பதற்கு இப்பொழுது வழி பிறந்துள்ளது.

முதற்கண் இந்நூல்கள் மறைந்தது எவ்வாறு என்பதனை அறிதல் நலம். தரமற்றவை மறைந்தன, தரமுடையவை நின்றன என்று எண்ணுவது எளிது. ஆயின் அஃது உண்மையன்று. இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்தில் புதிய நாவல் ஒன்றின் விலை பெரும்பாலும் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். அவ்விலை கொடுத்து வாங்குவோர் சிலரே. பலர் இரவல் நூலகங்களிலிருந்து பெற்றே படித்தனர். பூட்ஸ் என்னும் மருந்துக் கடையார் தம் கிளைகள் பலவற்றில் இத்தகைய நூலகங்களை நடத்தினர். மருந்து வாங்கப் போனவர் கொலைக் கதையொன்றையும் உடன் எடுத்து வருதல் நமக்கு நகைப்பைத் தரலாம். அக்கால ஆங்கிலேயர்க்கு அஃது அன்றாட வழக்கம். டபிள்யூ. எச். ஸ்மித் என்னும் நூல் வாணிகரும் அவ்வாறே நூலகம் நடத்தினர். தெருமுனைகளில் இரண்டு பென்ஸ் வாடகைக்கு நூல் தரும் சிறு கடைகளும் 1930களில் பெருகின. இவற்றுக்கெல்லாம் புதிய நூல்கள் இடையறாது வேண்டியிருந்தன. ஆதலின் ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாவல் எழுதித் தரும் ஆசிரியர் கூட்டம் ஒன்று தோன்றியது. பலர் கைப்பட்டுக் கிழிந்த நூல் கழிக்கப்பட்டது. அதன் இடத்தைப் புதியது பிடித்தது. வீட்டு அலமாரியில் நூல் தங்கவே இல்லை.

போர் வந்தது. 1940 டிசம்பர் 29ஆம் நாள் இரவில் இலண்டனிற் பெய்த குண்டு மழையில் பதிப்பகங்களும் நூற்கிடங்குகளும் நிறைந்த பேட்டர்நாஸ்டர் தெரு எரிந்தது; அவ்வோரிரவில் அழிந்த நூல்கள் ஐம்பது இலட்சம் எனக் கூறுவர். காகிதக் கட்டுப்பாட்டால் மறுபதிப்புக்கும் வழியில்லை. 1935இல் ஆறு பென்ஸ் விலையில் வெளிவந்த பெங்குவின் முதற் பத்து நூல்களுள் துப்பறியும் நாவல்கள் இரண்டே. ஒன்று கிறிஸ்டியுடையது, மற்றொன்று சேயர்ஸுடையது. மலிவுப் பதிப்பில் இடம் பெற்றோர் நிலைத்தனர். பெறாதோர் இரவல் நூலகங்களையே நம்பியிருந்தனர். அந்நூலகங்களும் மூடப்பட்டன. ஸ்மித் நூலகம் 1961இல் முடிந்தது. பூட்ஸ் நூலகம் 1966இல் முடிந்தது. அதன் பின், சட்டப்படி ஒவ்வொரு நூலின் படியையும் பெற்றுக் காத்த பெருநூலகங்களிலும் நூல் தொகுப்பாளர் சிலரிடத்துமே அவை எஞ்சின. இவற்றை நோக்குவார்க்கு இம் மறதி திறனாய்வின் தீர்ப்பன்று, வாணிகத்தின் விளைவே என்பது புலனாகும்.

தீர்ப்புரை பின்னர்த்தான் வந்தது. ஜூலியன் சைமன்ஸ் 1972இல் வெளியிட்ட 'பிளடி மர்டர்' என்னும் வரலாற்று நூலில், கிராப்ட்ஸ் முதலிய பலரையும் உப்புச் சப்பற்றவர் என்னும் பொருள்படும் 'ஹம்ட்ரம்' என்ற சொல்லால் ஒருங்கு கட்டி ஒதுக்கினார். சைமன்ஸ் கூரிய அறிஞர். அவர் நூல் இன்றும் பயிலத்தக்கது. ஆயினும் நூல்கள் கிடையாத காலத்தில் ஒருவர் சூட்டிய பெயரே நூல்களுக்குப் பதிலாக நின்றுவிட்டது என்பதனை மறுத்தல் இயலாது. கர்டிஸ் எவன்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2012இல் இதனை மறுத்துத் தனி நூல் எழுதும் வரை, பெரும்பாலோர் அதனைச் சோதித்துப் பார்க்கவில்லை.

நூல்களை மீட்டவருள் முதன்மையானது பிரிட்டிஷ் நூலகமே. தன் நிலவறைகளிற் கிடந்த படிகளைக் கொண்டு அது தொடங்கிய வரிசையில் இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் வெளிவந்துள்ளன. நாவலாசிரியரும் இத்துறை வரலாற்றறிஞருமாகிய மார்ட்டின் எட்வர்ட்ஸ் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு முன்னுரை வரைந்துள்ளார். 2014ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் ஜெபர்சன் பார்ஜன் எழுதிய 'மிஸ்ட்ரி இன் வைட்' என்னும் 1937ஆம் ஆண்டு நாவல், புதிய நூல்கள் பலவற்றையும் பின்தள்ளி விற்றது. பனியிற் சிக்கிய புகைவண்டியை விட்டிறங்கிய பயணியர் சிலர் ஒரு வீட்டை அடைகின்றனர். கதவு பூட்டப்படவில்லை, கணப்பில் தீ எரிகின்றது, தேநீர் வைக்கப்பட்டுள்ளது, வீட்டில் எவருமில்லை. இத்தொடக்கம் எவரையும் ஈர்க்கும். ஆயினும் நூலின் பிற்பாதி தொடக்கத்துக்கு ஈடாகவில்லை. ஆவியுலக ஆராய்ச்சியுடைய முதியவர் ஒருவரைக் கொண்டு ஆசிரியர் முடிச்சுகளை அவிழ்க்கும் முறை தளர்ச்சியுடையது. மீண்டு வந்த நூல்களுள் மிகுதியாக விற்றது மிகச் சிறந்தது அன்று என்பதனைக் கூறாமல் விடுதல் நேர்மையாகாது.

விற்பனைக்குத் துணை செய்தது அட்டைப்படம். பழைய புகைவண்டி நிறுவனங்களின் சுற்றுலா விளம்பர ஓவியங்களைப் போன்ற படங்களுடன் இந்நூல்கள் வருகின்றன. கடற்கரை, பசும்புல் வெளி, பனி மூடிய கூரை ஆகியவற்றைக் கண்டு வாங்குவோர், ஆடன் கூறிய ஏதேன் தோட்டத்தையே தேடி வாங்குகின்றனர். மறந்த நூல்களை மீட்ட கையே அவற்றின் மீது பழைய கருத்தையும் ஒட்டி அனுப்புகின்றது. உள்ளே புகுந்து படிப்போர்க்கோ வேறு காட்சி தோன்றுகின்றது. ஐயம் நீங்கும் கதைகளோடு, ஐயம் நீங்காத கதைகளும், நீங்கிய ஐயத்தையே ஐயுறும் கதைகளும் அங்கே உள்ளன. அவற்றுள் மூன்றனை ஈண்டு நோக்குவோம்.

காலத்தால் முந்தியது 'நாட்டிங் ஹில் மிஸ்ட்ரி.' 1862, 1863ஆம் ஆண்டுகளில் 'ஒன்ஸ் எ வீக்' என்னும் கிழமை இதழில் தொடராக வந்து 1865இல் நூலாயிற்று. ஆங்கிலத்தின் முதல் துப்பறியும் நாவல் இதுவே என்பார் உளர்; வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்' 1868இல் வெளிவந்ததாகலின் அதற்கு இது முற்பட்டது என்பதில் ஐயமில்லை. சார்லஸ் பீலிக்ஸ் என்னும் புனைபெயருக்குரியவர் சார்லஸ் வாரன் ஆடம்ஸ் என்பதனைப் பால் காலின்ஸ் 2011இல் சான்றுகளுடன் எடுத்துக்காட்டினார். இந்நாவலில் கதை கூறுவோன் இல்லை. ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக விசாரணை செய்யும் ஹென்டர்சன் என்பவர் திரட்டிய கடிதங்கள், நாட்குறிப்புகள், வாக்குமூலங்கள், வீட்டு வரைபடம் ஆகியனவே நூல். மனைவியின் பெயரில் பெருந்தொகைக்குக் காப்பீடு செய்திருந்த பிரபு ஒருவர் மீது ஐயம் விழுகின்றது. அவளோ உறக்கத்தில் நடந்து சென்று நச்சு நீரைத் தானே குடித்து இறந்தவள். அறிதுயிலில் ஆழ்த்தும் கலை வல்ல கணவன் தன் உள்ளத்தாலேயே அவளை ஏவினானா?

நம் அளவை நூலார் காட்சி, கருதல், உரை என வகுத்தனர். இந்நாவலிற் காட்சியளவைக்கு இடமே இல்லை. எல்லாம் பிறர் உரை. அவ்வுரைகளை இணைப்பது கருதல். இறுதியில் ஹென்டர்சன் தீர்ப்புக் கூறவில்லை. இச் சங்கிலியை ஏற்பதா, ஏற்பின் இத்தகைய குற்றத்தை எந்த நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது என வினவி ஆவணங்களை ஒப்படைத்து ஒதுங்குகின்றார். துப்பறியும் நாவல் பிறந்த பொழுதே ஐயத்தோடு பிறந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. அறிதுயிற் கலையைப் பற்றிய அக்கால நம்பிக்கை இன்று பழையதாயிற்று. சான்றுகளின் முன் அறிவு தயங்கி நிற்கும் நிலை பழையதாகவில்லை.

இரண்டாவது, அந்தோணி பெர்க்லி 1929இல் வெளியிட்ட 'பாய்சன்ட் சாக்லெட்ஸ் கேஸ்.' இதுவே இவற்றுள் தலையாயது என்பது என் கருத்து. சர் யூஸ்டேஸ் பென்னிபாதர் என்பவருக்கு அவருடைய கிளப் முகவரியில் சாக்லெட் பெட்டி ஒன்று வருகின்றது. வேண்டாம் என்று அதனை அங்கிருந்த பெண்டிக்ஸ் என்பவரிடம் கொடுத்து விடுகின்றார். அதனைத் தின்ற பெண்டிக்ஸின் மனைவி இறக்கின்றாள். காவல் துறையினர் கைவிட்ட இவ்வழக்கைக் குற்ற ஆராய்ச்சியில் ஈடுபாடுடைய ஆறு பேர் கொண்ட சிறு கழகம் ஒன்று எடுத்துக்கொள்கின்றது. வழக்கறிஞர், நாடக ஆசிரியை, நாவலாசிரியர் முதலிய அறுவரும் இரவுக்கு ஒருவராக எழுந்து தத்தம் முடிபை நிறுவுகின்றனர். ஒவ்வொன்றும் கேட்பார்க்கு உறுதியாகவே தோன்றுகின்றது. அடுத்தவர் எழுந்ததும் வீழ்கின்றது. ஒருவர், கொலையாளிக்கு இருந்திருக்க வேண்டிய இயல்புகளையெல்லாம் வரிசைப்படுத்தி, அவை அனைத்தும் தம்மிடமே பொருந்துதலால் தாமே கொலையாளி என்று நிறுவிக் காட்டுகின்றார். நகைச்சுவையாகத் தோன்றும் இவ்விடமே நூலின் உயிர்நிலை. தருக்கம் பிழையற்றது, முடிபு பொய். துப்பறியும் நாவலின் முதுகெலும்பாகிய கருதலளவையையே ஆசிரியர் இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்.

இறுதியில் எழுபவர் சிட்டர்விக் என்னும் அடக்கமுடைய, எளிய மனிதர். முன்னோர் கூறியவற்றையெல்லாம் ஓர் அட்டவணையாக வரைந்து வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் பேசுகின்றார். அவர் முடிபு இறுதியானது என்று நம்புகின்றோம். ஏன் நம்புகின்றோம்? அவருக்குப் பின் எவரும் எழவில்லை; பக்கங்களும் முடிந்துவிட்டன; அவ்வளவே. இதனை உணர்ந்த பிற்கால எழுத்தாளர் கிறிஸ்டியானா பிராண்ட் 1979இல் வேறொரு முடிபை எழுதினார். 2016ஆம் ஆண்டு மறுபதிப்பில் மார்ட்டின் எட்வர்ட்ஸ் மேலும் ஒன்றைச் சேர்த்தார். மூலத்தின் சொல் ஒன்றையும் மாற்றாமல் இவை பொருந்துகின்றன. குறளுக்குப் பதின்மர் உரை கண்ட மரபில் வந்த நமக்கு இது புதிதன்று. ஒரு பாடம், உரை பல. ஆனால் துப்பறியும் நாவல் ஒரே உரையை மட்டும் ஏற்கும் இலக்கியம் என்று சொல்லப்பட்டதே, அக் கூற்று இந்நூலின் முன் நிற்கவில்லை.

இதே 1929இல்தான் ரானல்டு நாக்ஸ் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தார் என்பது நினைக்கத்தக்கது. இயற்கை கடந்த ஆற்றலைக் கொண்டுவரலாகாது, அதுவரை கண்டறியப்படாத நஞ்சைப் புகுத்தலாகாது என்பன போன்றவை அவை. மறு ஆண்டில் பெர்க்லி முயற்சியால் 'டிடெக்ஷன் கிளப்' தோன்றியது. செஸ்டர்ட்டன் அதன் முதல் தலைவர். விதிகளைக் காப்போம் என உறுப்பினர் விளையாட்டாகச் சூளுரைத்தனர். பிற்காலத்தார் அவ்விளையாட்டை இலக்கணமாகக் கொண்டு நூல்களை அளந்தனர். விதி வகுத்தோர் தமக்குள் நகைத்துக்கொண்டே அதனை மீறினர் என்பது நூல்களைப் படித்தாலன்றி விளங்காது.

மூன்றாவது நூல் ரிச்சர்டு ஹல் 1938இல் எழுதிய 'எக்ஸலன்ட் இன்டென்ஷன்ஸ்.' மிக நல்ல நோக்கங்கள் என்பது தலைப்பின் பொருள். ஹல் தொழிலால் கணக்காய்வாளர். அவர் நடையிலும் கணக்காய்வின் உலர்ந்த நகைச்சுவை உண்டு. நாவல் நீதிமன்றத்தில் தொடங்குகின்றது. கூண்டில் ஒருவர் நிற்கின்றார், வழக்கு நடக்கின்றது, ஆனால் நிற்பவர் எவர் என்று ஆசிரியர் சொல்லவில்லை. கொலையுண்ட கார்கேட் எவராலும் வெறுக்கப்பட்டவன். அவன் சாவு பலருக்கு நன்மை. குற்றம் நிறுவப்படுதல் ஒரு பக்கம். நிறுவப்பட்டபின் செய்யத்தக்கது யாது என்பது மற்றொரு பக்கம். இரண்டையும் ஆசிரியர் ஒருங்கு நடத்திச் செல்கின்றார். நடுவில் சில பகுதிகள் நீண்டு சலிப்பூட்டுகின்றன என்பது உண்மையே. பெயரற்ற ஒருவரின் உயிருக்காக நம்மை அஞ்சச் செய்த திறம் அக்குறையை மறைக்கின்றது.

அவ்வச்சத்துக்குக் காரணம் உண்டு. அந்நாளில் இங்கிலாந்தில் கொலைக்குற்றம் உறுதியானால் நடுவர் தூக்குத் தண்டனையே விதித்தல் வேண்டும். 1965இல்தான் அது நிறுத்தி வைக்கப்பட்டது. 1969இல் நிலையாக நீக்கப்பட்டது. இன்று இந்நூல்களைப் படிப்போர் தூக்கு மரம் இல்லாத நாட்டிலிருந்து படிக்கின்றனர். 1938இற் படித்தவரோ இறுதிப் பக்கத்துக்கு அப்பால் அம் மரம் நிற்பதை அறிந்தே படித்தனர். புகழ்பெற்ற சேயர்ஸும் 1937ஆம் ஆண்டு நாவலில் தம் துப்பறிவோன், தான் பிடித்துக் கொடுத்தவன் தூக்கிலிடப்படும் விடியலில் கலங்கியழுவதைக் காட்டினார். அதற்கு முன் 1931இல் லிவர்பூல் நகரத்துக் காப்பீட்டு முகவர் வில்லியம் ஹெர்பர்ட் வாலஸ் என்பவர் மனைவியைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை பெற்றார். சான்றுகள் தீர்ப்பைத் தாங்கவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. உண்மைக் கொலையாளி எவர் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. டிடெக்ஷன் கிளப் உறுப்பினர் 1936இல் வெளியிட்ட 'அனாட்டமி ஆப் மர்டர்' தொகுப்பில் சேயர்ஸ் இவ்வழக்கை ஆராய்ந்து நீண்ட கட்டுரை எழுதினார். கதையில் விடை தந்தோர் வாழ்வில் விடை கிடையாமையை அறியாதவர் அல்லர். ஐயத்துக்கும் உயிருக்கும் இடையே இருந்த இத்தொடர்பை மறந்துவிட்டு, ஆறுதல் இலக்கியம் என்று மட்டும் கூறுதல் பொருந்தாது.

இதற்கு மாறான சான்றும் உண்டு. அதனை மறைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. பிரீமன் வில்ஸ் கிராப்ட்ஸ் வட அயர்லாந்துப் புகைவண்டித் துறையில் பொறியாளராக இருந்தவர். 'காஸ்க்' என்னும் அவர் முதல் நாவல் 1920இல் வந்தது. அவருடைய உலகில் ஐயத்துக்கு நிலையான இடமில்லை. கால அட்டவணை, தொலைவு, படகின் வேகம் ஆகியவற்றை அளந்து அளந்து பிரெஞ்ச் என்னும் காவலதிகாரி உண்மையை அடைகின்றார். 1933இல் வந்த 'ஹாக்ஸ் பேக் மிஸ்ட்ரி' நூலில் ஒவ்வொரு துப்பும் எந்தப் பக்கத்தில் முன்னர்க் கூறப்பட்டது என்று இறுதியிற் பக்க எண்ணே தரப்படுகின்றது. மேற்கோளுக்குப் பக்க எண் கேட்டு மாணவரை வருத்தும் நம்மனோர்க்கு இது பெருமகிழ்ச்சி தரும்! கடுமையான திறனாய்வாளராகிய ரேமண்ட் சாண்ட்லரும் கட்டுக்கோப்பில் இவரே உறுதியானவர் எனப் பாராட்டினார். சைமன்ஸ் இவரை உப்பற்றவர் என்றது, இவர் செய்ய எண்ணாத ஒன்றைச் செய்யவில்லை என்று குறை கூறியதே ஆகும். எனினும் ஆடனின் கருத்து கிராப்ட்ஸுக்குப் பொருந்துமளவு பெர்க்லிக்குப் பொருந்தாது. இரண்டும் ஒரே காலத்தன. ஒரே இரவல் நூலகத்தில் அருகருகே இருந்தன. ஓர் இலக்கணம் இரண்டனையும் தழுவாது.

மறுபதிப்புகளைப் பயன்படுத்தும் ஆய்வு மாணவர் பாட நிலையிலும் கருத்துச் செலுத்துதல் வேண்டும். பிரிட்டிஷ் நூலக வரிசையின் பிற்பட்ட நூல்களில், அக்கால மனப்பான்மைகள் சில இன்று ஏற்கத்தகாதன என்றும், சிறு திருத்தங்கள் நீங்கலாக நூல் முதற்பதிப்பின்படியே தரப்படுகின்றது என்றும் பதிப்பாளர் குறிப்பு உண்டு. அச் சிறு திருத்தங்கள் எவை என்பதனை முதற்பதிப்போடு ஒப்பிட்டே அறிதல் இயலும். வேறொரு வகைச் சிக்கலும் உண்டு. இ. சி. ஆர். லோரக் என்னும் பெயரில் எழுதிய ஈடித் கரோலின் ரிவெட் 1958இல் மறைந்தார். இருட்டடிப்புக் கால இலண்டனில் ஒரு தீக்குச்சி ஒளியில் கண்ட கொலையைக் கூறும் அவரது 'மர்டர் பை மேட்ச்லைட்' (1945) போர்க்கால நகர வாழ்வுக்கே ஓர் ஆவணம். அவர் கையெழுத்துப் படியாக விட்டுச் சென்ற 'டூ வே மர்டர்' 2021இல்தான் முதன்முதலாக அச்சேறியது. ஆசிரியர் அச்சுப்படி பார்க்காத நூலை அவர் பார்த்துத் திருத்திய நூல்களோடு ஒரே தரத்தில் வைத்து நடையாராய்ச்சி செய்தல் கூடாது. உரிமைச் சட்டமும் எந்நூல் மீளும் என்பதை வரையறுக்கின்றது. ஆசிரியர் மறைந்தபின் எழுபது ஆண்டு உரிமை நீடித்தலால், 1955இல் மறைந்த பார்ஜனின் நூல்களுக்கு 2025 முடியவும், 1973இல் மறைந்த ஹல்லின் நூல்களுக்கு 2043 முடியவும் உரிமை உண்டு. உரிமையாளரைக் கண்டுபிடிக்க இயலாத நூல் எத்துணைச் சிறந்ததாயினும் நிலவறையிலேயே கிடக்கும். ஆதலின் இன்று மீண்டுள்ளவற்றையே முழுமை எனக் கொள்ளின், முன்னோர் செய்த பிழையையே நாமும் செய்வோம்.

இக்கட்டுரையில் பெர்க்லி, ஹல் ஆகியோர் நூல்களின் குற்றவாளி எவர் என்பதை யாண்டும் கூறவில்லை. கதை முழுவதையும் பதிகத்திலேயே கூறிவிட்டுக் காப்பியத்துட் புகும் சிலப்பதிகார மரபிற் பயின்ற நமக்கு இக்கட்டுப்பாடு சிறிது விந்தையாகவே இருக்கும். ஆயினும் சிட்டர்விக்கின் அட்டவணையைப் பார்க்குமுன் முதல் ஐவர் உரையையும் நம்பிப் பார்த்தல் வேண்டும். ஐந்து முறை ஏமாந்தவர்க்கே ஆறாவது முடிபை ஐயுறத் தோன்றும்.